முழங்கால் வலியாக வரும் குடலடைப்பு

குடலிறக்கம் என்றதும் கண்ணுக்குத் தெரிகிற வீக்கம்தான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். தொப்புளில் ஒரு புடைப்பு, கவட்டையில் ஒரு கட்டி. இருமினால் வெளியே வரும், மல்லாந்து படுத்தால் உள்ளே போகும். சேலம், நாமக்கல் பக்கம் "எர்னியா" என்றாலே போதும், யாருக்கும் புரிந்துவிடும். மூட்டை தூக்குகிற ஆண்களுக்கு வருகிற கோளாறு என்பதுதான் பொதுவான எண்ணம்.

ஆனால் வயதான பெண்களின் குடலை அடைத்து உயிருக்கே உலை வைக்கிற சில குடலிறக்கங்கள் வெளியே தெரிவதே இல்லை. வீக்கம் கிடையாது, கட்டி கிடையாது. சிலருக்கு வயிற்றுக்கு முன்னால் தொடையிலும் முழங்காலிலும்தான் வலி தொடங்கும்.

அவற்றில் முதலில் சொல்ல வேண்டியது ஆப்டுரேட்டர் குடலிறக்கம்.

இடுப்பெலும்பின் முன்பக்கம், பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு பெரிய திறப்புகள் உண்டு. கெட்டியான சவ்வு ஒன்று ஒவ்வொன்றையும் மூடியிருக்கிறது. மேல் மூலையில் மட்டும் ஒரு சின்ன வழி விட்டிருக்கும்: 2 முதல் 3 சென்டிமீட்டர் நீளம், சுமார் 1 சென்டிமீட்டர் அகலம். ஒரு நரம்பும் ரத்தக்குழாய்களும் அந்த வழியாகத்தான் அடிவயிற்றிலிருந்து தொடையின் உள்பக்கத்துக்கு இறங்குகின்றன. உடம்பில் சதை இருக்கிறவரை அவற்றைச் சுற்றிக் கொழுப்பு அடைத்துக்கொண்டிருக்கும், வேறு எதுவும் நுழைய முடியாது. வயதாகி உடம்பு வற்றும்போது அந்தக் கொழுப்பும் கரைகிறது. இடம் காலியாகிறது. டயரின் வெடிப்பில் டியூப் பிதுங்குகிற மாதிரி, சிறுகுடலின் ஒரு துண்டு அந்த இடைவெளிக்குள் பிதுங்கிக்கொள்கிறது.

அதற்கு மேலே தொடைத் தசைகள் அடுக்கடுக்காக இருப்பதால் தொட்டாலும் ஒன்றும் தட்டுப்படாது.

இது யாருக்கு வருகிறது என்பதில் மருத்துவ நூல்களுக்குள் பெரிய கருத்து வேறுபாடு இல்லை. எழுபதைத் தாண்டிய, மெலிந்த, பல பிள்ளை பெற்ற பெண்கள். எடை பெரும்பாலும் 40 கிலோவுக்குக் கீழே. ஆண்களைவிடப் பெண்களுக்கு 6 முதல் 9 மடங்கு அதிகம். பெண்களின் இடுப்புக்கூடு அகலமாக இருப்பது ஒரு காரணம், பிள்ளைப்பேறுகளில் அடிவயிற்றுத் தாங்குதசைகள் தளர்ந்துபோவது இன்னொன்று. நாள்பட்ட இருமலும் மலச்சிக்கலும் வயிற்றுக்குள் அழுத்தத்தைக் கூட்டிக் கூட்டி அந்த வழியை அகலமாக்குகின்றன.

ராசிபுரம், எடப்பாடி, சேந்தமங்கலம், ஓமலூர் என்று எந்தப் பக்கம் போனாலும் இந்த வர்ணனைக்கு அப்படியே பொருந்துகிற ஆயாக்கள் வீட்டுக்கு வீடு உண்டு. ஐந்தாறு பெற்று, கிழங்குக் காட்டில் களை வெட்டி, கடலைக்காய் பறித்து, விறகடுப்புப் புகையில் ஆயுசு முழுக்கச் சமைத்தவர்கள். பள்ளிபாளையம், குமாரபாளையம் பக்கம் என்றால் தறிக்குடோன் பஞ்சுத் தூசியில் வருடக்கணக்காக நின்றவர்கள். அந்தத் தூசி நாள்பட்ட இருமலைக் கொண்டுவரும். இப்போது பல் போய், பசி போய், அரை உருண்டை களியும் இரண்டு வேளை காபியுமாக நாளை ஓட்டுகிறவர்கள்.

மொத்தக் குடலிறக்கங்களில் ஆப்டுரேட்டர் வகை 1 விழுக்காடுகூடக் கிடையாது. சிறுகுடல் அடைப்புகளிலும் 0.2 முதல் 1.6 விழுக்காடுதான். அபூர்வம் என்று தள்ளிவிடத் தோன்றும். ஆனால் மெலிந்த மூதாட்டிகளை மட்டும் தனியாக எடுத்துக்கொண்டால் கணக்கு வேறு. அதோடு, மேலை நாடுகளைவிட ஆசியப் பெண்களிடம் இது அதிகம் காணப்படுகிறது. பெரிய நோயாளித் தொகுப்புகள் பலவும் ஜப்பான், சீனா, தைவான் போன்ற இடங்களிலிருந்து வந்தவை.

பிரெஞ்சு அறுவை மருத்துவர் அர்னோ தெ ரான்சில் 1724-ல் இதை முதலில் விவரித்தார். வெற்றிகரமாக அறுவை செய்து சரிப்படுத்தியவர் ஹென்றி ஓப்ரே, 1851-ல். கண்டு சொன்னதற்கும் காப்பாற்றியதற்கும் நடுவே நூறு வருடங்களுக்கு மேல். இன்றைக்கும் இந்த நோயில் சிரமமான பகுதி அறுவை இல்லை, கண்டுபிடிப்பதுதான்.

வலி தொடையில் வருவதற்குக் காரணம் அந்த நரம்பு. குறுகலான வழியில் குடலும் சேர்ந்து நுழைந்தால் நரம்பு நசுங்கும். தொடையின் உள்பக்கமாகக் கிளம்பி முழங்கால்வரை சுரீரென்று இழுக்கும். காலை நீட்டி, அகட்டி, உள்பக்கமாகத் திருப்பினால் வலி ஏறும். முழங்காலை மடக்கிக்கொண்டால் குறையும். 1840-ல் ஜான் ஹவ்ஷிப், 1848-ல் மோரிட்ஸ் ராம்பெர்க் இருவரும் தனித்தனியே இதை எழுதினார்கள். அதனால் ஹவ்ஷிப்-ராம்பெர்க் அறிகுறி என்று பெயர். கட்டிலில் ஒரு காலை மடக்கி வைத்தபடியே படுத்திருக்கிற, நீட்டச் சொன்னால் முகம் சுளிக்கிற, கூடவே வாந்தியெடுக்கிற பாட்டியைப் பார்த்தால் இந்தப் பெயர் மருத்துவருக்கு ஞாபகம் வர வேண்டும். (பாதிப் பேருக்கோ அதற்கும் குறைவாகவோதான் இந்த அறிகுறி இருக்கும். இல்லை என்பதால் நோய் இல்லை என்று முடிவு கட்ட முடியாது.)

நடைமுறையில் என்ன நடக்கிறது? எழுபத்தைந்து வயதில் கால் வலி என்றால் யாரும் குடலை நினைப்பதில்லை. "வாதம்", "மூட்டுத் தேஞ்சு போச்சு" என்று தைலம் தேய்ப்பார்கள். ஒரு வலி ஊசி போடுவார்கள். ஊசியில் கேட்கிற மாதிரியும் இருக்கும், ஏனென்றால் ஆரம்பத்தில் குடல் தானாக நுழைந்து தானாக வெளியேயும் வந்துவிடும். ஒரு நாள் வயிறு உப்பும், இரண்டு வாந்தி, மறுநாள் சரி. "வாயு புடிச்சிருந்துச்சு, இப்ப உட்டுருச்சு." இப்படி விட்டு விட்டு மாதக்கணக்கில் வந்து போனதாகப் பின்னால் விசாரிக்கும்போதுதான் தெரியவரும்.

ஒரு நாள் உள்ளே போன குடல் வெளியே வராது.

அப்போது வயிறு உப்புகிறது. விட்டு விட்டு முறுக்குகிற வலி. வாந்தி முதலில் சாப்பிட்டதாக, பிறகு பச்சையாகப் பித்தமாக, கடைசியில் பழுப்பாக மல நாற்றத்தோடு வரும். காற்றுப் பிரிவது நிற்கிறது. சிக்கின குடலுக்கு ரத்தம் போகவில்லை என்றால் சுமார் 6 மணி நேரத்தில் மீட்க முடியாத சேதம் தொடங்கிவிடும். அழுகி ஓட்டை விழுந்தால் வயிற்றுக்குள் சீழ், ரத்தத்தில் நச்சு. பழைய மருத்துவத் தொகுப்புகளில் இந்த வகைக் குடலிறக்கத்தின் இறப்பு 12 முதல் 70 விழுக்காடுவரை பதிவாகியிருக்கிறது. அவ்வளவு உயிர்கள் போனதற்குப் பெரும் காரணம் தாமதம்.

குடும்பத்தையும் சில நேரம் மருத்துவரையும் ஏமாற்றுகிற இன்னொரு விஷயம் இதில் உண்டு. குடலின் முழுச் சுற்றும் சிக்காமல், சுவரின் ஒரு பக்கம் மட்டும் சிக்கிக்கொள்ளலாம். பதினெட்டாம் நூற்றாண்டு ஜெர்மன் மருத்துவர் ஆகஸ்ட் காட்லீப் ரிக்டரின் பெயரால் இது ரிக்டர் குடலிறக்கம். ஆப்டுரேட்டர் வழி அவ்வளவு சின்னது என்பதால் அங்கே இந்த வகை சாதாரணம். குடலின் மற்றப் பாதி திறந்திருப்பதால் காற்றும் மலமும் போய்க்கொண்டே இருக்கலாம், பேதிகூட ஆகலாம். சிக்கின பகுதி மட்டும் உள்ளே கறுத்துக்கொண்டிருக்கும். "வெளிக்கிப் போறாங்களே, அடைப்பெல்லாம் இருக்காது" என்ற ஆறுதல் வார்த்தை அதனால்தான் ஆபத்தானது.

வாந்தியும் வயிற்று உப்புசமும் வந்தால் இந்த வட்டாரத்தில் முதல் இரண்டு நாள் எங்கே போகிறது என்பதைச் சொல்லாமல் விட முடியாது. ஓமத்தண்ணீர், சோடா. அதற்கப்புறம் தொக்கம் எடுக்கிறவர் வீடு. சாப்பிட்டது ஏதோ வயிற்றில் ஒட்டிக்கொண்டிருக்கிறது, ஊதி எடுத்துவிடலாம் என்ற நம்பிக்கை. இல்லாவிட்டால் குடலேத்தம் பார்ப்பது. எண்ணெய் தடவி வயிற்றை உருவி, குடலை "இடத்துக்குக் கொண்டுவருவது". சிக்கின குடலை வெளியிலிருந்து உருவி எடுக்க வழியே இல்லை, அது எலும்புத் திறப்புக்குள் இருக்கிறது. உப்பி, சுவர் மெலிந்துபோன குடலை அழுத்தினால் கிழியத்தான் வாய்ப்பு. விளக்கெண்ணெய் கொடுத்துப் பேதிக்கு விடுவதும் அப்படித்தான்: அடைத்த இடத்துக்கு மேலே இன்னும் அழுத்தம். இதைச் செய்கிறவர்கள் அக்கறையில்தான் செய்கிறார்கள். ஆனால் வயதான குடலுக்கு அந்த இரண்டு நாள்தான் எல்லாம்.

அடுத்தது ஃபீமரல் குடலிறக்கம். ஆப்டுரேட்டர் அளவுக்கு அபூர்வம் இல்லை, ஆனால் கவனிக்கப்படாமல் போவதில் அதற்குச் சளைத்ததும் இல்லை. தொடைக்குப் போகிற பெரிய சிரை தொடையிடுக்கில் இறங்குகிற இடத்தில், அதற்கு உள்பக்கமாக ஒரு விரல் நுனி நுழைகிற அளவு வழி. ஒரு பக்கம் சிரை. மற்ற மூன்று பக்கமும் எலும்பும் விறைப்பான தசைநார்களும், துளிகூட விட்டுக்கொடுக்காது. குடல் நுழைந்தால் கழுத்து இறுகிப்போகும். 1991-ல் பிரிட்டிஷ் அறுவை மருத்துவ இதழில் வந்த ஆய்வு இந்த வேறுபாட்டை அளந்து காட்டியது: கவனிக்காமல் விட்ட ஃபீமரல் குடலிறக்கம் 3 மாதத்துக்குள் இறுகிப்போகிற வாய்ப்பு 22 விழுக்காடு, 21 மாதத்தில் 45 விழுக்காடு. சாதாரணக் கவட்டைக் குடலிறக்கத்துக்கு அதே காலக்கெடுக்களில் 2.8, 4.5 விழுக்காடுதான்.

இதற்கு வெளியே கட்டி உண்டு. ஆனால் நெல்லிக்காய் அளவு, தொடையிடுக்கின் மடிப்புக்கு ஓரமாக. காலில் முள் குத்தினாலும் அங்கே நெறி கட்டும் என்பது ஊரறிந்த விஷயம் என்பதால் "நெறி கட்டியிருக்கு" என்று பாட்டியே முடிவுசெய்துவிடுவார். வலிக்காதவரை சொல்லமாட்டார். வலித்தாலும் அந்த இடத்தைக் காட்டக் கூச்சம்.

இந்தக் கூச்சத்தைப் பற்றி வெளிப்படையாகப் பேசித்தான் ஆக வேண்டும். புடவைக் கொசுவம், பாவாடை நாடா, அதற்குக் கீழே யாரும் பார்ப்பதில்லை. கூட வந்த பேரன் திரைக்கு இந்தப் பக்கம் நிற்கிறான். புறநோயாளிப் பிரிவில் நீண்ட வரிசை. மருத்துவர் வயிற்றை மட்டும் தொட்டுப் பார்க்கிறார். தொப்புளைச் சுற்றிப் பார்த்த வயிறு முழு வயிறு ஆகாது. திரையை இழுத்துவிட்டு, ஒரு செவிலியரையோ மகளையோ பக்கத்தில் நிறுத்தி, "ஆயா, பாவாடையக் கொஞ்சம் தளர்த்திக்கோங்க, கவட்டையப் பாக்கணும்" என்று கேட்டால் பெரும்பாலானவர்கள் மறுப்பதில்லை. இரண்டு பக்கத் தொடையிடுக்கையும் நின்றபடியும் படுத்தபடியும் பார்க்க ஐந்து நிமிடம் ஆகாது. ஆப்டுரேட்டர் சந்தேகம் என்றால் ஆசனவாய் வழியாகவோ பிறப்புறுப்பு வழியாகவோ விரல்விட்டுப் பார்க்கும்போது பக்கச் சுவரில் வலிக்கிற ஒரு மெத்தென்ற திரட்சி தட்டுப்படலாம்.

அறுவை மருத்துவர்கள் பழக்கமாகக் கேட்கிற இன்னொரு கேள்வி: வயிற்றில் தழும்பு இருக்கிறதா? கர்ப்பப்பை எடுத்தவர்கள், குடும்பக் கட்டுப்பாடு செய்துகொண்டவர்கள், குடல்வால் அறுவை ஆனவர்கள் என்றால் பழைய தழும்பின் ஒட்டுகளால் குடல் அடைபடலாம். பெருங்குடல் புற்று, குடல் முறுக்கு, காசநோயால் வந்த சுருக்கம் இவையும் நம் ஊரில் உண்டு. கத்தியே படாத வயிற்றோடு ஒரு மெலிந்த மூதாட்டி சிறுகுடல் அடைப்போடு வந்தால் ஒளிந்திருக்கிற குடலிறக்கத்தைத் தேடிவிட்டுத்தான் மற்றதை யோசிக்க வேண்டும்.

தேட வேண்டிய இடங்கள் இன்னும் சில. ஸ்பைஜீலியன் குடலிறக்கம் தொப்புளுக்குக் கீழே, நடு வயிற்றின் நெடுந்தசை முடிகிற ஓரத்தில் வருவது. ஏட்ரியான் வான் டென் ஸ்பீகல் என்கிற உடற்கூற்றியலாளர் விவரித்த கோட்டில் வருவதால் அந்தப் பெயர். வயிற்றுச் சுவரின் தசை அடுக்குகளுக்கு நடுவிலேயே தங்கிவிடுவதால் குண்டானவர்களிடம் வெளியே தெரியாது, வலி மட்டும் ஒரே இடத்தில் குத்தும். முதுகுப்பக்க இடுப்பில் வருகிற லம்பார் வகை பெரும்பாலும் வாய் அகலமானது, அடைப்பது குறைவு. பிட்டத்தின் வழியாக வருகிற சயாட்டிக் வகை எல்லாவற்றிலும் அபூர்வம். குடலைத் தாங்குகிற சவ்வில் உள்ள இடைவெளிக்குள் குடலே நுழைந்துகொள்கிற உள்குடலிறக்கங்களும் உண்டு. அவற்றை வெளியிலிருந்து கையால் கண்டுபிடிக்க வழியே இல்லை.

வயதானவர்களிடம் உடம்பு தரும் எச்சரிக்கையும் மங்கலாகத்தான் இருக்கும். குடல் அழுகும்போதும் காய்ச்சல் அடிக்காமல் இருக்கலாம். ரத்த அழுத்தத்துக்காக அட்டினலால், மெட்டோப்ரோலால் மாதிரி மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு நாடித்துடிப்பு ஏறாது. வெள்ளணுக்கள் கூடாமல் இருக்கலாம். வயிறு கல் மாதிரி இறுகாமல் மெத்தென்றே இருக்கலாம். நினைவு மங்கியவர்கள் வலி எங்கே என்று சொல்லமாட்டார்கள். சாப்பிட மறுப்பார்கள், அல்லது திடீரென்று குழப்பமாகப் பேசுவார்கள், அவ்வளவுதான்.

நின்றபடி எடுத்த எக்ஸ்ரேயில் காற்றும் நீருமாகப் படிக்கட்டு வரிசை தெரிந்தால் பெரும்பாலும் அடைப்புதான். எங்கே என்று அது சொல்லாது. அதைச் சொல்வது சி.டி. ஸ்கேன். இடுப்பெலும்புக்கு வெளியே, தொடைக்குள் இருக்கிற பெக்டினியஸ், ஆப்டுரேட்டர் எக்ஸ்டெர்னஸ் என்ற இரண்டு தசைகளுக்கு நடுவே, இருக்கக்கூடாத இடத்தில் ஒரு சின்ன உருண்டை சாம்பல் நிறத்தில் தெரியும். எதிர்ப்பக்கத்தோடு ஒப்பிட்டால் அங்கே தசைகள் ஒட்டியிருக்கும். அந்த ஒரு படத்தில் நோய் பிடிபட்டுவிடும். ஸ்கேன் தொடையின் ஆரம்பம்வரை கீழே போக வேண்டும் என்பதுதான் முக்கியம். இடுப்போடு நிறுத்தினால் அந்தப் படமே இருக்காது. வாந்தியில் நீர் வற்றி, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டுகிற கிரியேட்டினின் ஏறியிருந்தால் சாய ஊசி போடத் தயங்குவார்கள், சரிதான். சாயம் இல்லாத சாதா ஸ்கேனிலும் இந்த உருண்டை தெரியும். கிரியேட்டினின் இறங்கட்டும் என்று ஸ்கேனையே தள்ளிப்போட வேண்டியதில்லை.

சிகிச்சை வாய்வழி எல்லாவற்றையும் நிறுத்துவதில் தொடங்குகிறது. தண்ணீர்கூடக் கூடாது. மூக்கு வழியாக ரைல்ஸ் டியூப் விட்டு வயிற்றில் தேங்கினதை வெளியேற்றுவது, சலைன், குறைந்துபோன பொட்டாசியத்தை ஈடுகட்டுவது, சிறுநீர் எவ்வளவு வருகிறது என்று பார்க்க ஒரு குழாய். மூதாட்டியின் இதயம் தாங்குகிற வேகத்தில்தான் சலைன் ஏற்ற வேண்டும்; ஆனால் அதற்காக நாள் கணக்கில் காத்திருக்கவும் முடியாது. சில மணி நேரத்தில் உடம்பைத் தேற்றி அறுவை அரங்குக்குக் கொண்டுபோவதுதான் வழக்கம்.

வயிற்றைத் திறந்ததும் உப்பின குடலைத் தொடர்ந்து போனால் சுருங்கின குடல் தொடங்குகிற இடத்தில் சிக்கல் இருக்கும். பிடித்து இழுத்தால் கிழியும். நிதானமாகத் திறப்பை விரித்துக் குடலை எடுக்க வேண்டும். எடுத்த குடலைச் சூடான சலைனில் நனைத்த துணியால் மூடிச் சில நிமிடம் பார்ப்பார்கள். நிறம் கருஞ்சிவப்பிலிருந்து இளஞ்சிவப்புக்குத் திரும்பி, அசைவும் வந்தால் அப்படியே உள்ளே விடலாம். கறுத்தே கிடந்தால் அந்தத் துண்டை வெட்டி இரண்டு முனைகளையும் இணைக்க வேண்டும். பிறகு திறப்பைத் தையலாலோ, அழுக்குப் படாத நிலையில் வலை வைத்தோ அடைப்பார்கள். அழுகின குடல் இருந்த இடத்தில் வலை வைக்கப் பலரும் தயங்குவது தொற்றுக்குப் பயந்து.

"இந்த வயசுல எதுக்கு ஆபரேசன், இருக்கறவரைக்கும் இருக்கட்டும்" என்பது பிள்ளைகள் பாசத்தில் சொல்கிற வார்த்தை. தொடையிடுக்கில் ஏற்கெனவே கட்டி தெரிந்த பாட்டிக்கு அது தவறான கணக்கு. ஸ்வீடன் நாட்டுக் குடலிறக்கப் பதிவேட்டில் 1992 முதல் 2006 வரையிலான ஃபீமரல் அறுவைகளைப் பார்த்தபோது, அவசரமாகச் செய்தவர்களில் ஐந்தில் ஒருவருக்கு மேல் குடலை வெட்ட வேண்டியிருந்தது. முன்கூட்டித் திட்டமிட்டுச் செய்தவர்களில் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவு. திட்டமிட்ட ஃபீமரல் அறுவையை அந்த இடத்தை மட்டும் மரக்கவைத்தே செய்ய முடியும். வயது கூடக்கூட அவசர அறுவையின் ஆபத்துதான் கூடுகிறது. அந்த வயதைக் காட்டியே திட்டமிட்ட அறுவையைத் தள்ளிப்போடுவது பாட்டியை அந்த ஆபத்துக்குள் கொண்டுபோய் விடுவதாகும்.

சேலம், நாமக்கல் சமவெளியில் இதற்கான வசதி எட்டாத தூரத்தில் இல்லை. 1986-ல் தொடங்கிய சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை சுற்றுவட்ட மாவட்டங்களுக்கும் பெரியாஸ்பத்திரி. நாமக்கல்லில் அரசு மருத்துவக் கல்லூரி 2022-ல் திறக்கப்பட்டது. 108 ஆம்புலன்ஸ் 2008 முதல் ஓடுகிறது. கொல்லிமலையிலிருந்து எழுபது கொண்டையூசி வளைவு இறங்கி வருகிறவர்களுக்குத்தான் நேரம் நிஜமாகவே நெருக்கும். முதல்வர் காப்பீட்டுத் திட்ட அட்டை உள்ள குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம் ரூபாய்வரை வரம்பு உண்டு. கூட்டிப்போகிறவர்கள் மருத்துவரிடம் மறக்காமல் சொல்ல வேண்டியவை: கடைசியாகக் காற்றுப் பிரிந்தது எப்போது, வாந்தி என்ன நிறம், முன்பு இப்படி வந்து போனதுண்டா, எந்தக் காலில் வலி, என்னென்ன மாத்திரை. ஆஸ்பிரின், குளோபிடோகிரல் போன்ற ரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரைகள் சாப்பிடுகிறாரா என்பதை முதலில் சொல்ல வேண்டும்.

அறுவை செய்கிறவர்கள் மறக்கக்கூடாத ஒன்றும் உண்டு. ஆப்டுரேட்டர் குடலிறக்கம் வலப்பக்கம் அதிகம்; இடப்பக்கத் திறப்பைப் பெருங்குடலின் வளைவு ஓரளவு மறைத்துக்கொள்வதுதான் காரணம் என்கிறார்கள். ஆனால் ஒரு பக்கம் கொழுப்புக் கரைந்த உடம்பில் மறுபக்கமும் கரைந்திருக்கும். சிலருக்கு இரண்டு பக்கமும் குடலிறக்கம் இருப்பது அறுவையின்போதுதான் தெரியவரும். அதனால் வயிற்றைத் தைத்து மூடுமுன் எதிர்ப்பக்கத் திறப்பையும், இரண்டு ஃபீமரல் வழிகளையும் விரலால் தொட்டுப் பார்த்துவிட வேண்டும். தளர்ந்திருந்தால், பாட்டியின் உடல்நிலை இடம்கொடுக்கும்வரை, அதையும் அதே அமர்வில் அடைத்துவிடலாம்.